பேண்டு குதிரையோடு போகட்டும்

பணியிலிருந்து விடைபெற்றுப் பேசுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். எனக்கு ஒரு நரைமுடிகூட இல்லை. ஆனால் நாளை முதல் இந்த விலங்கு ஆம்புலன்ஸ் வண்டியில் நான் ஏறப் போவதில்லை. சாவி உங்கள் கைக்கு வருகிறது. அதனால் பேசுகிற உரிமை எனக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் தாராவியில் தோல் பட்டறைச் சந்தில் வளர்ந்தவள். அப்பா பைகளுக்கு வார் தைப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கால்நடை டாக்டர் ஆன பிறகு, சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் 'இசக்கியம்மாள்' என்று முழுதாக அடிக்கச் சொன்னேன். "இஷா என்று சுருக்கிக்கொள்ளேன், இங்கே யார் வாயிலும் நுழையாது" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். நுழையும். நாலு நாள் கூப்பிட்டால் பழகிவிடும். பழகிவிட்டது.

தீபாவளி நெருங்குகிறது. லாயத்தில் விளக்கை அணைக்காதே, ரேடியோவைப் பாட விடு, புல்லைக் கூடுதலாகப் போடு, கயிற்றை இறுக்கிக் கட்டாதே, துணைக் குதிரையைப் பிரிக்காதே. இதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லாம் சரி. அவையெல்லாம் குதிரை லாயத்துக்குள் இருக்கும்போது. குதிரை தெருவில் நிற்கும்போது, முதுகில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, சுற்றி நூறு பேர் கூச்சல் போடும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

அதற்கு முன் செம்பூரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் தீபாவளி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த டாக்டரும் நானும் செம்பூரில் ஒரு தபேலாவுக்குப் போனோம். தபேலா என்றால் இந்த ஊரில் லாயம். குதிரை ஒன்று சுவரை உதைத்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பில் பட்டாசு வெடித்துத் தள்ளினார்கள். உரிமையாளர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மூத்தவர் மயக்க ஊசியைப் போட்டார். அவர் நல்ல டாக்டர். குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லக்கூடியவர். ஆனால் அந்த மருந்தைப் பயம் வருவதற்கு முன்னால் போட வேண்டும். பயம் தலைக்கேறிய பிறகு போட்டால் கால் தளரும், பயம் தளராது. அந்தக் குதிரை கதவை முட்டிக்கொண்டு வெளியே ஓடியது. தளர்ந்த காலோடு ஓடியது. திறந்து கிடந்த வாய்க்காலில் விழுந்து முன்னங்கால் முறிந்தது. கால் முறிந்த குதிரைக்கு என்ன முடிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் வண்டிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. சில நாளில் தெருப்பணியை விட்டு அலுவலகத்துக்கு மாறி, எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி ஆனார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வாருங்கள்.

போன வருஷம், தீபாவளி முடிந்து கல்யாணங்கள் தொடங்கியிருந்த நேரம். மாலையில் காதர் பாய் தொலைபேசியில் அழைத்தார். காதர் பாய்க்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். தாராவியில் மாஹிம் பக்கமாக ஒரு சின்னத் தபேலா வைத்திருக்கிறார். இருப்பது ஒரே ஒரு குதிரை, சாந்தினி. வெள்ளைப் பெண்குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் போவாள். அவள்தான் அந்த வீட்டுக்குச் சோறு.

"டாக்டரம்மா, மாட்டுங்கால நடுரோட்டுல நிக்கா. நடக்க மாட்டேங்கா. மாப்பிள மேல இருக்காரு. சீக்கிரம் வாங்கம்மா."

வாகன நெரிசலில் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்திய ஒடுக்கமான தெரு. தெருக்கோடியில் கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம். நடுவில் சாந்தினி. நாலு காலையும் தரையில் ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு, கழுத்தில் நுரை வழிய நின்றாள். பக்கத்துச் சந்தில் பிள்ளைகள் தீபாவளி மிச்சத்தை வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் முதுகுத்தோல் சுருங்கி விரிந்தது. மேலே தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

காதர் பாய் பயத்தில் மூன்று காரியம் செய்திருந்தார். குதிரை வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். அவள் கண்ணைத் துண்டால் கட்டியிருந்தார். ஊர்வலத்து பேண்டு வாத்தியத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றியிருந்தார்.

"பாய், முதல்ல கயித்தை அவுங்க."

"விட்டா ஓடிருவாம்மா. என் கைல இருந்தாத்தான் என் குதிர."

"ஓடினா உங்க கையும் சேர்ந்துதான் ஓடும். அவுங்க. சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்."

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். கண் துண்டை நான் எடுத்தேன். நெருப்பு எரியும் இடத்திலிருந்து இழுத்து வரும்போது கண்ணைக் கட்டலாம். சத்தத்துக்குக் கட்டினால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அது உலகம் முழுவதையும் கண்டு பயப்படும். மூன்றாவது விஷயம் பேண்டு. அதுதான் பெரிய தவறு. எல்லோரும் அமைதி வேண்டும் என்று நினைப்பார்கள். சாந்தினி அந்த பேண்டோடு நடந்தே வளர்ந்தவள். டோல் மேளத்தின் அடிக்கு நடப்பாள், அடிக்கு நிற்பாள், அடி மாறினால் காலைத் தூக்கி ஆடுவாள். அவளுக்குத் தெரிந்த சத்தத்தை நிறுத்திவிட்டால் தெரியாத சத்தம் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு வெடியும் மௌனத்துக்குள் விழும்.

டோல் அடிப்பவர் ஜெபராஜ். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கநிற நூல். அவரும் தாராவிதான்.

"ஜெபராஜ் அண்ணே, அடிங்க. ஆட்டத்துக்கு இல்ல. நடைக்கு. மெதுவா."

"பாய் நிறுத்தச் சொன்னாரே."

"நான் அடிக்கச் சொல்றேன். என்ன வெடிச்சாலும் கை நிக்கக்கூடாது."

அவர் அடிக்கத் தொடங்கினார். சாந்தினியின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு காது. எனக்கு அது போதும்.

அப்போதுதான் மண்டபத்து வாசலைப் பார்த்தேன். வாசலிலிருந்து எங்களை நோக்கி, தெரு நடுவில், சரவெடி விரித்துப் போட்டிருந்தார்கள். சிவப்புப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. திரி எங்கள் பக்கம். புகைகிற ஊதுபத்தியோடு பக்கத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பட்டு வேட்டி, கழுத்தில் கனத்த சங்கிலி.

அந்த ஊர்வல முறையை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஆட்கள் ஊரிலிருந்து மாப்பிள்ளை அழைப்பைக் கொண்டுவந்தார்கள், இந்த ஊரிடமிருந்து குதிரையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புதுச் சட்டம் வைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் சரவெடி கொளுத்துவார். அது வெடித்து முடியும்வரை மாப்பிள்ளை குதிரையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் தாய்மாமனுக்கு அவமானம். குதிரைக்கு என்ன ஆகும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

"டாக்டர் வந்தாச்சுல்லா? ஊசியப் போட்டு விடும்மா. சிவகாசியில சொல்லி வரவழைச்ச வெடி. முகூர்த்த நேரம் மாதிரி இதுக்கும் நேரம் இருக்கு."

"ஊசி போட முடியாதுங்க. மாப்பிள்ளை இறங்கணும். குதிரை போகணும். அப்புறம் வெடிங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எறங்கவா? எங்க வீட்டு மாப்பிள நடந்து போய் வாசல்ல நிக்கவா? என்ன பேச்சு பேசுத?"

"அவ இப்ப ஓடினா இந்தக் காருக்கும் அந்தக் காருக்கும் நடுவுல ஓடுவா. உங்க மருமகன் அவளுக்கு அடியில கிடப்பாரு. முன்னால நிக்கிற பொம்பளைங்களும் பிள்ளைங்களும் எங்க ஒதுங்குவாங்க, சொல்லுங்க."

"குதிரைக்காரனுக்கே இல்லாத பயம் ஒனக்கு என்னத்துக்கு? நீ யாரு வீட்டுப் பிள்ள?"

"தாராவிங்க. தோல் பட்டறை. அப்பா பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. என் பேரு இங்க இருக்கு, வாசிங்க" என்று பெயர்ப்பட்டையைக் காட்டினேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இசக்கியம்மா வந்து எறங்கிருக்கா, மாமா, பாத்து!" என்று ஒரு குரல். என் பெயருக்குரிய அம்மன் உக்கிரக்காரி. மாமன் சிரிக்கவில்லை. ஓரமாகப் போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. எங்கள் மேலதிகாரி. செம்பூரில் ஊசி போட்ட அதே மூத்த டாக்டர்.

"அவர் நம்ம நிறுவனத்துக்கு வேண்டியவர், இசக்கியம்மாள். ஒரு ஊசி போட்டு முடிச்சுட்டு வாங்க."

"பயம் ஏறிடுச்சு சார். இப்ப போட்டா கால்தான் போகும்."

"கொஞ்சமா போடுங்க. இது நான் சொல்றது."

"சார், செம்பூர் வாய்க்கால் ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவரிடம் கற்றதற்கு இன்றும் எனக்கு நன்றி உண்டு. அந்த மௌனத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர் வாயை மூடிக்கொண்டால் முடிவு நம்முடையது. அப்போது பயந்து யார் முகத்தையும் பார்க்காதீர்கள். குதிரையின் காதைப் பாருங்கள். அது சொல்லும்.

நான் திரும்பியபோது தாய்மாமன் குனிந்துகொண்டிருந்தார். ஊதுபத்தி திரிக்குப் பக்கத்தில் போய்விட்டது. கத்தினால் சாந்தினி மிரளுவாள். கையைப் பிடித்து இழுத்தால் நூறு பேர் என்மேல் விழுவார்கள். யோசிக்க நேரமில்லை. நான்கு எட்டில் போய் அந்தத் திரியின்மேல் உட்கார்ந்தேன்.

சம்மணம் போட்டு. நடுத்தெருவில். சீருடையோடு.

"ஏ! எந்திரி!"

"மாட்டேன்."

"பொம்பளப் பிள்ளன்னு பாக்கேன்."

"பாக்காதீங்க. கொளுத்தணும்னா கொளுத்துங்க. நான் நகரமாட்டேன்."

சுற்றிலும் தொலைபேசிகள் உயர்ந்தன. படம் எடுத்தார்கள். "பைத்தியமா இது?" என்றாள் ஒருத்தி. "அந்தப் பத்திய அணைங்கய்யா, பிள்ளைமேல பட்டுறப் போவுது" என்றாள் இன்னொருத்தி. தாய்மாமன் ஊதுபத்தியோடு என் தலைக்கு மேல் நின்றார். உட்காருவதற்கு முன் ஒருமுறை யோசித்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருப்பதாக இல்லை.

டோல் நிற்கவில்லை. மெதுவாக, நடை அடி.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் மறந்துபோயிருந்த ஆள்.

"டாக்டர்... மைன் உத்தர் ஜாவூங் க்யா? நான் எறங்கிரட்டுமா?"

"இறங்குங்க. இடது பக்கமா. குதிக்காம வழுக்கிக்கிட்டே வாங்க. பாய், அவரைத் தாங்குங்க."

"லேய், எறங்காத!" என்று மாமன் அலறினார். "எம் மானத்த வாங்காத!"

மாப்பிள்ளை ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தான். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. "மாமா, அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க ஏறிக்கிடுங்க" என்றான்.

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவன் கால் தரையைத் தொட்டு, இரண்டு எட்டு நகர்ந்திருப்பான். பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து ஒரு ராக்கெட் சாய்ந்து பறந்துவந்து தெருவின் மேலேயே வெடித்தது.

சாந்தினி இரண்டு காலில் எழுந்தாள். காலியான சேணம் வானத்தைப் பார்த்தது. காதர் பாயின் உள்ளங்கையை உரசிக்கொண்டு கயிறு உருவிப் போனது. அவர் கார் மேல் சாய்ந்தார். அவள் சுழன்றாள். குளம்பு ரோட்டில் பொறி கிளப்பியது. கூட்டம் இரண்டாகப் பிளந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டது.

ஜெபராஜ் அசையவில்லை. முகம் வெளுத்துவிட்டது, உதடு ஏதோ ஜெபம் சொல்லியது, கை மட்டும் நிற்கவில்லை. அதே அடி. அதே வேகம். சாந்தினி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். இரண்டு காதும் முன்னால் வந்தன. மூன்று நான்கு தப்படி தடுமாறி நடந்து, டோலுக்குப் பக்கத்தில் வந்து மூக்கை அவர் தோளில் வைத்து நின்றாள். தோளின் தங்க நூலெல்லாம் நுரை.

காதர் பாய் போய்க் கயிற்றை எடுத்தார். இந்த முறை சுற்றவில்லை.

"அண்ணே, அப்படியே நடங்க. அடிச்சுக்கிட்டே நடங்க. தபேலா வரைக்கும்" என்றேன்.

"பேண்டு மாப்பிள வீட்டுக்குப் பேசினதுல்லா?"

"பேண்டு குதிரையோட போகட்டும்."

அவர் மாமனைப் பார்த்தார், சாந்தினியைப் பார்த்தார். திரும்பி நடந்தார். ட்ரம்பெட்காரர்களும் பின்னாலேயே போனார்கள். அப்படியாக அன்று மாட்டுங்காவில் குதிரைக்கு ஊர்வலம் நடந்தது. மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டு, பேண்டு இல்லாமல், நடந்து மண்டபத்துக்குப் போனான். பெண் வீட்டார் ஆரத்தி எடுத்தார்கள். ஒரு குறையும் வந்துவிடவில்லை. டோல் சத்தம் தெருமுனை தாண்டித் தேயும்வரை நான் திரியின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, பின்பக்கம் தட்டிவிட்டு, "இப்ப கொளுத்துங்க" என்றேன்.

அவர் கொளுத்தவில்லை. ஊதுபத்தி எப்போதோ அணைந்திருந்தது.

தபேலாவுக்குப் போனபோது சாந்தினி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காதர் பாய் தோல் உரிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சுத்தியிருந்தா மணிக்கட்டு போயிருக்கும்" என்றார். பிறகு கையை மடக்கிக்கொண்டார். "ஆனா டாக்டரம்மா, இனிமே எங்கிட்ட யாரு குதிர கேப்பா?"

சில வாரம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அவர் வளையவில்லை. இப்போது பேச வருகிறவர்களிடம் முதல் வார்த்தையே இதுதான்: "சரவெடின்னா குதிர கெடையாது. குதிரன்னா சரவெடி கெடையாது. ரெண்டும் வேணும்னா குதிர தெருமுக்கு தாண்டுன பொறவு கொளுத்துங்க." சிலர் முறைத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் சரி என்கிறார்கள். சரி என்ற முதல் ஆள் அந்த மாப்பிள்ளையின் தம்பி.

அலுவலகத்தில் இந்த விஷயத்தை மாதக்கணக்காக இழுத்து, கடைசியில் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நேரில் போய், அந்த வீட்டாரிடம். குதிரை பிழைத்தது, மாப்பிள்ளை பிழைத்தான், காதர் பாயின் கை பிழைத்தது. எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். மூத்த டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எதிராகவும் பேசவில்லை, எனக்காகவும் பேசவில்லை. "அப்ப உங்களுக்கு இனி ஆபீசுல உள்வேலைதான்" என்று முடிவு சொன்னார்கள். உள்வேலைக்கு நான் படிக்கவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். தாராவியில், காதர் பாய் தபேலாவுக்கு இரண்டு சந்து தள்ளி, வாடகைக்கு ஒரு அறை பிடித்திருக்கிறேன். ஆட்டுக்கும் பூனைக்கும் குதிரைக்கும் வைத்தியம். பலகையில் பெயரை முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். பலகை கொஞ்சம் நீளம்தான். அப்பா பார்த்துவிட்டு, "எழுத்துக்குத்தான் எம்மாம் இடம் வேணும்" என்று சந்தோஷமாகச் சலித்துக்கொண்டார்.

எல்லோரும் திரியில் போய் உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு உங்கள் வழி கிடைக்கும். கயிற்றைச் சுற்றாதீர்கள், தெரிந்த சத்தத்தை நிறுத்தாதீர்கள், முதுகில் இருப்பவரை முதலில் இறக்குங்கள். அந்த நேரத்தில் உங்கள் தொலைபேசி அடிக்கும். "ஒரு ஊசி போட்டு முடிச்சுட்டு வா" என்று ஒரு பெரிய குரல் சொல்லும். மாட்டேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல்லுங்கள்.

முழுதாகச் சொல்லுங்கள். சுருக்க வேண்டாம்.